பாணுக்குள் இருக்கிற எண்ணெய்யின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பேக்கரிகளுக்கு வருகிற மாஜரின், ஷோட்டனிங் பெட்டிகள் சிலவற்றில் இப்போது "நிலைபேறான பாம் எண்ணெய்" என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த ஒருவர் கேட்டார்: "சேர், பாம் எண்ணெய் கூடாதெண்டுதானே 2021இல தடை போட்டாங்க. இப்ப நல்ல பாம் எண்ணெய், கெட்ட பாம் எண்ணெய் எண்டு ரெண்டு இருக்கா?"

நியாயமான கேள்வி. ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. பாணுக்குள் என்ன கொழுப்பு போக வேண்டும் என்பதை கடந்த 150 வருடங்களில் யார் யார் தீர்மானித்தார்கள் என்று பார்த்தால்தான் விடை விளங்கும். நான் வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

*பாணுக்கு எண்ணெய் எதற்கு?*

பாண் என்ற சொல்லே போர்த்துக்கீசருடையது. அதைச் சுடுகிற போறணையும் அவர்களுடைய சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்துப் பாணுக்குக் கோதுமை மா, தண்ணீர், உப்பு, புளிக்க வைக்க ஏதாவது ஒன்று போதும். இன்றைக்கும் பிரான்ஸ் நாட்டின் நீளப் பாணில் கொழுப்புச் சேர்ப்பதில்லை. ஆனால் அந்தப் பாண் காலையில் வாங்கினால் மாலைக்குள் காய்ந்துவிடும்.

கொழுப்புச் சேர்த்தால் மூன்று வேலை நடக்கிறது. பிசைந்த மாவிலுள்ள புரத வலையைச் சுற்றி அது வழுவழுப்பாகப் படிவதால், மா கிழியாமல் இழுபட்டுப் பொங்குகிறது. உள்ளே உண்டாகும் காற்றுக் குமிழிகள் உடையாமல் நிற்பதால் பாண் பஞ்சு மாதிரி வருகிறது. வெட்டும்போது உதிர்வது குறைந்து, அடுத்த நாளும் மெதுவாக இருக்கிறது.

இதற்கு எந்தக் கொழுப்பும் சரிவராது. மா பொங்குகிற சூட்டிலும் ஒரு பகுதி உருகாமல் கட்டியாக நிற்கிற கொழுப்பாக இருந்தால்தான் குமிழி நன்றாக நிற்கும். "எங்களிடம் தேங்காய் எண்ணெய் இருக்கிறதே, ஏன் வெளிநாட்டு எண்ணெய்?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 25 பாகை செல்சியஸில் உருகிவிடும். நுவரெலியாவில் உறையும், எங்கள் பக்கம் பகல் நேரத்தில் தண்ணீராகவே இருக்கும். பாம் எண்ணெய் முழுவதும் உருக 35 பாகைக்கு மேல் வேண்டும். அதிலிருந்து பிரித்தெடுக்கும் கட்டிப் பகுதிக்கு இன்னும் கூடிய சூடு தேவை. பேக்கரிக்காரர் பாம் எண்ணெய்யைத் தேடிப் போனதற்கு மலிவு ஒரு காரணம், இந்தக் கட்டித்தன்மை இன்னொரு காரணம்.

*மிருகக் கொழுப்பிலிருந்து தொழிற்சாலைக் கொழுப்புக்கு*

பாம் எண்ணெய்க்கு முன்னால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த வேலையைச் செய்தவை வெண்ணெய்யும், மாட்டுக் கொழுப்பும், பன்றிக் கொழுப்பும். 1869இல் பிரான்சில் இப்போலித் மெஜ்-மூரியே என்ற வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பிலிருந்து மலிவான ஒரு வெண்ணெய் மாற்றைச் செய்தார். அன்றைய பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அப்படியான ஒன்றைச் செய்பவருக்குப் பரிசு அறிவித்திருந்தார். மாஜரின் பிறந்தது இப்படித்தான். அதில் மரக்கறி எண்ணெய் வந்தது பிறகு.

1902இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் நோர்மன் திரவ எண்ணெய்க்குள் ஐதரசன் வாயுவைச் செலுத்தி அதைக் கட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1911இல் அமெரிக்காவில் பருத்தி விதை எண்ணெய்யை அப்படிக் கட்டியாக்கி "கிறிஸ்கோ" என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். உலகமெங்கும் பேக்கரிகளில் பன்றிக் கொழுப்பின் இடத்தை மரக்கறிக் கொழுப்பு மெல்ல மெல்லப் பிடித்தது. முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் சைவ உணவுக்காரருக்கும் இது பெரிய நிம்மதி. பெட்டியில் "மரக்கறிக் கொழுப்பு" என்று இருந்தால் மனம் ஆறுகிறது. எங்கள் வீடுகளில் இன்றைக்கும் அந்த ஒரு கேள்வியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டிக்குள் வேறொரு பிரச்சினை இருந்தது வெளியே வர எண்பது வருடத்துக்கு மேல் சென்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

*ஆபிரிக்க மரம், தமிழ்ப் பெயருள்ள தோட்டம்*

நாங்கள் முள்ளுத் தேங்காய் என்றும், மலேசியத் தமிழர் செம்பனை என்றும் சொல்கிற இந்த மரம் மேற்கு ஆபிரிக்காவுக்குரியது. அங்குள்ள மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக அதன் சிவப்பு எண்ணெய்யைச் சமையலுக்குப் பயன்படுத்தி வருகிறார்கள். 1807இல் பிரித்தானியா அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த பிறகு, ஆட்களை ஏற்றிப் போன லிவர்பூல் கப்பல்கள் நைஜர் ஆற்று முகத்துவாரத்திலிருந்து பாம் எண்ணெய் ஏற்றத் தொடங்கின. சவர்க்காரம், மெழுகுவர்த்தி, இயந்திரங்களுக்கான மசகு எண்ணெய் எல்லாவற்றுக்கும் அது போனது.

1911இல் சவர்க்கார வியாபாரி வில்லியம் லீவர் பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த கொங்கோவில் பெரும் நிலப்பரப்புக்கு உரிமை பெற்றார். அங்கே பழம் பறிப்பதற்கு மக்கள் கட்டாய உழைப்புக்குத் தள்ளப்பட்டார்கள். பாம் எண்ணெய்யின் கதையில் காடு மட்டுமல்ல, மனிதர்களும் நசுங்கியிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஆசியாவுக்கு இந்த மரம் 1848இல் வந்தது. ஜாவா தீவில் இன்றைய போகோர் தாவரவியல் பூங்காவில் ஒல்லாந்தர் நான்கு கன்றுகளை நட்டார்கள். நீண்ட காலம் அது அழகு மரமாகவே இருந்தது. 1911இல் சுமாத்திராவில் ஏட்ரியன் ஹலே என்ற பெல்ஜியக்காரர் அதைத் தோட்டப் பயிராக்கினார். 1917இல் அவருடைய நண்பர், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே, மலாயாவின் கோலசிலாங்கூருக்கு அருகில் முதலாவது வர்த்தகத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தத் தோட்டத்தின் பெயர் "தென்னமரம்". மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் குலை வெட்டியவர்களும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து போன தமிழர்கள். தென்னைக்குப் போட்டியாக வந்த மரத்தின் முதல் மலாயாத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர்!

1960களில் இறப்பர் விலை விழுந்தபோது மலேசிய அரசு செம்பனைப் பக்கம் திரும்பியது. காணியில்லாத ஏழைகளைக் குடியேற்ற 1956இல் தொடங்கிய ஃபெல்டா திட்டம் இந்தப் பயிரோடுதான் பெரிதாக வளர்ந்தது. ஆயிரக்கணக்கான மலாய்க் குடும்பங்கள் அதனால் வறுமையிலிருந்து மீண்டன. 1981இல் கமரூனிலிருந்து ஒரு சிறிய வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அதுவரை தொழிலாளர்கள் கையால் செய்த மகரந்தச் சேர்க்கையை அந்த வண்டு செய்யத் தொடங்கியதும் விளைச்சல் கூடியது, செலவு இறங்கியது.

இன்று ஒரு ஹெக்டயர் முள்ளுத் தேங்காயில் வருடத்துக்குச் சராசரி 3 முதல் 4 தொன் எண்ணெய் கிடைக்கிறது. சோயாவில் அரைத் தொன் அளவுதான். தென்னையிலும் ஒரு தொன்னுக்குக் குறைவு.

*பாண் வேகமானது, மாஜரின் பிழைத்தது*

இதே காலத்தில் பாண் சுடுகிற முறையும் மாறியது. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவூட் என்ற ஊரிலிருந்த ஆய்வு நிலையம் ஒரு புதிய வழியைக் கண்டுபிடித்தது. மணிக்கணக்காகப் புளிக்க வைப்பதற்குப் பதிலாக, வலுவான இயந்திரத்தில் சில நிமிடங்கள் வேகமாகப் பிசைந்தால் போதும். இந்த முறைக்குக் கட்டிக் கொழுப்பு கட்டாயம் தேவை. அது இல்லாவிட்டால் பாண் எழும்பாது. அளவு மாவின் எடையில் 1 வீதத்துக்கும் குறைவுதான், ஆனால் தவிர்க்க முடியாது. பிரித்தானியாவில் இன்று விற்கும் பாணில் மிகப் பெரும் பகுதி இப்படிச் செய்யப்படுவது. பாண் மெதுவானதும் மலிவானதும் இப்படித்தான்.

இப்போது அந்தப் பெட்டிக்குள் இருந்த பிரச்சினைக்கு வருவோம். எண்ணெய்யை அரைகுறையாகக் கட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. 1990இல் நெதர்லாந்தின் இரண்டு ஆய்வாளர்கள், மென்சிங்கும் காட்டனும், அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். 2003இல் டென்மார்க் உணவிலுள்ள கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டது. 2015இல் அமெரிக்கா அதைப் படிப்படியாக நீக்கத் தீர்மானித்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. மாரடைப்பு இல்லாத குடும்பம் எங்கள் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும்.

டிரான்ஸ் கொழுப்பை எடுத்துவிட்டு எதைப் போடுவது? ஐதரசன் செலுத்தாமலேயே கட்டியாக இருக்கிற, மலிவான, மரக்கறி எண்ணெய் ஒன்றுதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பாம் எண்ணெய். அதில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. அளவோடு சாப்பிட வேண்டியதுதான். என்றாலும் டிரான்ஸ் கொழுப்பை விட இது பரவாயில்லை என்பதால் உலகப் பேக்கரிகள் ஒட்டுமொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தன. இதயத்தைக் காப்பாற்றப் போட்ட சட்டத்தின் பாரம் காட்டின் தலையிலும் விழுந்தது.

*புகையும் வட்டமேசையும்*

உலகத்தின் பாம் எண்ணெய்யில் 80 வீதத்துக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து வருகிறது. சுமாத்திராவிலும் போர்னியோவிலும் காடு வெட்டி, கரிநிலங்களை வடியவிட்டு, தீ மூட்டித் துப்பரவாக்கினார்கள். காய்ந்த கரிநிலம் நிலத்துக்கடியில் வாரக்கணக்காகப் புகைந்துகொண்டே இருக்கும். 1997இலும் 2015இலும் அந்தப் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. பாடசாலைகள் பூட்டப்பட்டன. ஒராங்உட்டான்கள் வாழ்ந்த காடு சுருங்கியது. தீக்கு முழுக் காரணமும் இந்தப் பயிர் இல்லை, காகிதக் கூழ் கம்பனிகளுக்கும் பங்குண்டு. ஆனாலும் பாம் எண்ணெய்யின் பெயர் கெட்டது.

2004இல் "நிலைபேறான பாம் எண்ணெய்க்கான வட்டமேசை" என்ற அமைப்பு உருவானது. உலக வனஜீவராசிகள் நிதியம், யூனிலீவர், மலேசிய உற்பத்தியாளர் சங்கம் முதலானவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஆர்எஸ்பிஓ என்று பெட்டியில் போடுவது இவர்களுடைய அடையாளம்தான். முதல் சான்றிதழ் எண்ணெய் 2008இல் கப்பலேறியது. 2005 நவம்பருக்குப் பிறகு கன்னிக் காட்டை அழித்து நட்ட தோட்டத்துக்குச் சான்றிதழ் இல்லை என்பது அவர்களுடைய ஆரம்ப விதி. 2018இல் அதை இறுக்கி, காடழிப்பும் கூடாது, கரிநிலத்தில் புதிதாக நடவும் கூடாது என்றார்கள். தொழிலாளர் உரிமைக்கும் விதிகள் உண்டு.

இதில் ஓட்டைகள் இருக்கின்றன. சான்றிதழ் பெற்ற கம்பனிகள் மீதே முறைப்பாடுகள் வந்து, விசாரணை இழுபட்ட சம்பவங்கள் உண்டு. உலக உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் சான்றிதழ் இருக்கிறது. 40 வீதமளவு எண்ணெய் சிறு விவசாயிகளிடமிருந்து வருகிறது. சான்றிதழுக்கான செலவும் பத்திரங்களும் அவர்களில் அநேகமானோருக்கு எட்டாதவை.

*எங்கள் நாட்டில் நடந்தது*

இலங்கையில் முள்ளுத் தேங்காய் 1968இல் காலி மாவட்டத்தின் நாகியாதெனியத் தோட்டத்தில் நடப்பட்டது. இறப்பர் இலாபமில்லை என்றானபோது கம்பனிகள் பரப்பைக் கூட்டின. 20,000 ஹெக்டயர் வரை போகலாம் என்று அரசே இலக்கு வைத்தது. 11,000 ஹெக்டயர் அளவுக்கு வந்தபோது பக்கத்துக் கிராமத்தவர்கள் கிணறு வற்றுகிறது, ஓடை காய்கிறது என்று முறையிட்டார்கள். தோட்டக் கம்பனிகள் அதை மறுத்தன. மத்திய சுற்றாடல் அதிகார சபை இந்தச் செய்கைக்கு எதிராகப் பரிந்துரைத்தது.

2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காய் எண்ணெய்யில் அஃப்ளாடொக்சின் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு நாடே கலங்கியிருந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பாம் எண்ணெய் இறக்குமதியை உடனடியாகத் தடைசெய்தார். நட்ட மரங்களையும் வருடத்துக்கு 10 வீதமாகப் பிடுங்கி இறப்பர் போன்ற பயிர்களுக்கு மாறச் சொன்னார். பேக்கரிக்காரர் கேட்ட கேள்வி எளிமையானது: மாஜரினுக்கும் ஷோட்டனிங்குக்கும் நாங்கள் எங்கே போவது? பதில் தயாராக இருக்கவில்லை. சில வாரங்களுக்குள் இரசாயனப் பசளைத் தடையும் வந்தது. அது எங்கள் வயல்களை என்ன செய்தது என்று கிழக்கு மாகாணத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்று பாம் எண்ணெய் திரும்பவும் நாட்டுக்குள் வருகிறது. தடைக்காலத்தில் அது எந்தக் காட்டிலிருந்து வருகிறது, யார் பறித்தது என்று ஒரு கேள்வியும் எழவில்லை. வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்தது.

அடுத்த வருடம் இன்னொரு பாடம். உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் குறைந்து உலக விலை ஏறியபோது, 2022 ஏப்ரல் 28இல் இந்தோனேசியா தன் பாம் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியது. சொந்த மக்களுக்கே எண்ணெய் எட்டாத விலை. குலை விற்க முடியாமல் அந்த நாட்டுச் சிறு விவசாயிகளே வீதியில் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்குள், மே 23இல், தடை நீக்கப்பட்டது. நாங்கள் அப்போது எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

*சரி, எங்கள் பேக்கரி என்ன செய்யலாம்?*

முதலில் கணக்கு. 450 கிராம் பாணுக்குச் சுமார் 300 கிராம் மா. கொழுப்பு மாவில் 1 முதல் 2 வீதம் என்றால் 3 முதல் 6 கிராம், ஒரு தேக்கரண்டியளவு. ஒரு கிலோ கொழுப்பு 1000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாணுக்கு 5 கிராம் என்றால் 5 ரூபா. சான்றிதழ் உள்ளதற்கு 10 வீதம் கூடக் கொடுக்க வேண்டி வந்தாலும், பாணுக்கு 50 சதம்தான் கூடும். அந்த 50 சதத்தால் எந்த ஏழையும் பட்டினி கிடக்க மாட்டான்.

கொழுப்பு உண்மையில் போவது பேஸ்ட்ரிக்கும் பட்டீஸுக்கும் கேக்குக்கும். பேஸ்ட்ரியில் மாவின் எடையில் பாதியும் அதற்கு மேலும் கொழுப்பு இருக்கும். நோன்பு மாதத்தில் அஸர் நேரம் கடை வாசலில் அடுக்கியிருப்பதைப் பாருங்கள். அங்கே மிச்சம் பிடிப்பது உடம்புக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

இரண்டாவது, பெட்டியை வாசிக்கப் பழக வேண்டும். ஆர்எஸ்பிஓ அடையாளத்துக்கும் தரங்கள் உண்டு. ஒரே தோட்டத்து எண்ணெய் தனியாக வருவது ஒன்று. சான்றிதழ் பெற்ற பல தோட்டங்களின் எண்ணெய் மட்டும் சேர்ந்து வருவது இரண்டு. சான்றிதழ் உள்ளதும் இல்லாததும் கலந்து, கணக்கில் மட்டும் அளவு சரிபார்க்கப்படுவது மூன்று. எண்ணெய் எதுவாக இருந்தாலும், சான்றிதழ்த் தோட்டங்களுக்குப் போகும் விதமாகப் பணம் கட்டிச் சான்று வாங்குவது நான்கு. "கலப்பு" என்று போட்டிருந்தால் அது மூன்றாவது வகை. அது ஏமாற்று வேலை இல்லை, ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது காடழிக்காத எண்ணெய்தான் என்று சத்தியம் செய்ய முடியாது.

மூன்றாவது, பேக்கரி முதலாளிமார் சேர்ந்து கேட்க வேண்டும். ஒரு கடைக்காரர் தனியாகக் கேட்டால் முகவர் சிரிப்பார். ஒரு ஊரின் பேக்கரிகள் எல்லாம் ஒன்றாகக் கேட்டால் அவர் பத்திரங்களைத் தேடித்தான் ஆக வேண்டும். டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு, எந்த நாட்டு எண்ணெய், எந்த வகைச் சான்றிதழ் என்ற மூன்று கேள்வி போதும்.

எங்கள் சமூகத்துக்கு இது புதிய பழக்கமும் இல்லை. பெட்டியைத் திருப்பி, எழுத்தை வாசித்து, சந்தேகம் வந்தால் கேட்டு, பதில் திருப்தியில்லாவிட்டால் வைத்துவிட்டு வருகிற பழக்கம் ஹலால் விடயத்தில் எங்கள் உம்மாமாருக்கே இருக்கிறது. ஹலாலோடு தையிப் என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது, அதாவது நல்லது, தூய்மையானது. பன்றிக் கொழுப்பு இல்லை என்று தெரிந்ததும் நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். உழைத்தவனுக்குக் கூலி போனதா, யாருடைய காற்றில் புகை கலந்தது என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் அந்தச் சொல்லுக்கும் நாங்கள் கடமை செய்ததாகும்.

நண்பர் கேட்டதற்குப் பதில் இதுதான். நல்ல பாம் எண்ணெய் என்று ஒரு மரம் தனியாக இல்லை. மரம் ஒன்றுதான். அது எங்கே நடப்பட்டது, யார் எப்படி நட்டார் என்பதில்தான் வித்தியாசம். பெட்டியிலுள்ள அடையாளம் அதற்கு அரைவாசி உத்தரவாதம் தருகிறது. மிச்சத்தை வாங்குகிறவர்கள் கேட்டுத்தான் பெற வேண்டும்.

போறணை வேலை தெரிந்தவர்கள், முன்பு என்ன கொழுப்புப் பாவித்தீர்கள், 2021இல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவும் வரலாறுதான்.